சம்பந்தி கொண்டுவந்த பதினெட்டுப் பல்

வாய் தவறி வந்த ஒரு வார்த்தைக்காக நிர்மலாதேவி ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தாள்.

அந்த வார்த்தை வந்த இடம் அப்படி. ஓசூரில், மகள் மலர்விழியின் வீட்டில், சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் போன ஞாயிறு விருந்து சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கூடத்தில். காரிமங்கலத்திலிருந்து கணவர் மாதவராஜின் பழைய புல்லட்டில்தான் கிளம்பினாள். காவேரிப்பட்டணம் வருவதற்குள் இடுப்பு போயிற்று. கிருஷ்ணகிரி வருவதற்குள் கை மரத்துப்போயிற்று. இறங்கி, பஸ் ஏறி, கணவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"ஏம்மா தனியா பஸ்ஸுல வந்தே?" என்று மகள் கேட்டதுதான் தாமதம். "அந்த வண்டியில மனுசி உக்காருவாளா? உரல்ல உக்கார வெச்சு இடிக்கிற மாதிரி இருக்குது. வித்துத் தொலைங்கன்னா இந்த மனுசன் கேக்கறாரா?" என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மாதவராஜும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஊர் திரும்பிய மறுநாள், பழைய வண்டிகள் வாங்கும் பெங்களூர்க்காரர் ஒருவரிடம் போனில் பேசிவிட்டு வந்து, "வர ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாரு நிர்மலா" என்றார். கோபமில்லை, குத்தலில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மின்வாரியத்தில் அவர் சம்பாதித்தது எல்லாம் வீட்டுக்கும் மகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் போயிருந்தது. தனக்கென்று வாங்கியது, தனக்கென்று வைத்துக்கொண்டது அந்த ஒரு வண்டிதான். ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்ததும் அவர் போய் நிற்பதும் அங்கேதான். அதுவும் போய்விட்டால் மனுசன் என்ன செய்வார்? நேராகச் சமையலறைக்குள் வந்து, ரசத்துக்கு எத்தனை மிளகு என்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார். அதை நினைத்தாலே அவளுக்குப் பகீர் என்றது.

வேடிக்கையைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், அவளுக்கு அந்த வண்டி போகக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் விற்கச் சொன்னவளே இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்?

நல்லவேளையாக மாதவராஜே ஒரு வழி வைத்திருந்தார்.

"ஒரே ஒரு வேலை செஞ்சு பாத்துடறேன். அப்புறம் நீ ஏறி உக்காந்து பாரு. அப்பவும் கஷ்டமா இருந்துச்சுன்னா குடுத்துடலாம்."

என்ன வேலை என்று அவள் கேட்டதும், ஒரு சின்னத் தட்டையும் பெரிய தாம்பாளத்தையும் தரையில் வைத்துப் பாடம் எடுத்தார். சங்கிலியை இழுக்கும் முன் சக்கரத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட்டில், இப்போது பதினாறு பல். அதை வைத்துக்கொண்டு எழுபதில் போனால் இன்ஜின் தலைதெறிக்கச் சுற்றுகிறது. உதறல் அதனால்தான். ஒரு பல் கூட்டினால் அதே எழுபதுக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும், நிதானமாகப் போகும்.

"அப்ப ரெண்டு, மூணு பல்லாக் கூட்டுங்களேன்" என்றாள் தாராள மனசோடு.

"கூட்டினா ரோட்டுல சொகமாத்தான் போகும். ஏத்தத்துல இழுக்காது. நம்ம ஏரிக்கரை மேட்டுல ரெண்டு பேரோட நின்னு கிளப்பணுமில்ல? நம்ம வண்டியோட தெம்புக்குப் பதினேழுதான் கணக்கு."

சேலம் போய்ப் பதினேழு பல் ஸ்ப்ராக்கெட்டை வாங்கியும் வந்துவிட்டார். ஞாயிறு காலை அதைப் பழைய பேப்பரில் பிரித்து வைத்து, வாசலில் கோணியை விரித்து, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திய நேரத்தில்தான் பாலக்கோட்டிலிருந்து சம்பந்தி மாயவன் தன் மினி லாரியில் வந்து இறங்கினார்.

மாயவனுக்குப் பாலக்கோட்டில் தக்காளி மண்டி. ஆளும் பெரிசு, குரலும் பெரிசு, மனசு எல்லாவற்றையும் விடப் பெரிசு. மண்டியில் அரை மணி நேரம் பேரம் பேசி ஆளை அழவைப்பவர், சம்பந்தி முன்னால் மட்டும் பூனையாகிவிடுவார். மாதவராஜும் அப்படித்தான். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் 'இல்லை' என்ற சொல்லைச் சொன்னதே கிடையாது. கல்யாண மண்டபத்தில் பந்தி வாசலில் நின்று "நீங்க மொதல்ல", "ஐயோ, நீங்க மொதல்ல" என்று இருவரும் இழுத்த இழுப்பில், பின்னால் நின்றவர்களுக்கு அப்பளம் நமுத்துப்போயிற்று.

"வாங்க சம்பந்தி, வாங்க" என்று எழுந்த மாதவராஜ், மாயவன் கையில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றார்.

ஒரு தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய். நடுவே மஞ்சள் குங்குமப் பொட்டோடு பளபளவென்று ஒரு ஸ்ப்ராக்கெட்.

"மருமவ போன்ல சொல்லுச்சு, சம்பந்தி வண்டிக்கு பல் சக்கரம் மாத்தறாருன்னு. அதெப்படி, நாங்க இருக்கும்போது நீங்க வாங்கலாமா? இது நம்ம வூட்டுச் சீரு. பதினெட்டுப் பல்லு!"

பதினெட்டு. நிர்மலா கணவரைப் பார்த்தாள். கணவர் தன் பதினேழைப் பார்த்தார். பிறகு காலாலேயே பேப்பரை மெல்ல இழுத்து அதன்மேல் மூடினார்.

"பதினெட்டுங்களா? ரொம்ப நல்லதுங்க சம்பந்தி" என்றார்.

குடித்துக்கொண்டிருந்த காபி நிர்மலாவுக்குப் புரையேறியது.

கை கழுவ உள்ளே வந்தவரைக் கொல்லைப்புறக் கதவோரம் மடக்கிப் பிடித்தாள். "பதினேழுதான் கணக்குன்னு தட்டு வெச்சுப் பாடம் நடத்துனீங்களே?"

"மெதுவாப் பேசு. பொண்ணு குடுத்த எடம். சீருன்னு தட்டுல வெச்சு நீட்டறாரு, வேணான்னு சொல்ல முடியுமா?"

"பொண்ணு குடுத்த எடம்னு வண்டிக்குத் தெரியுமாங்க?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

அந்தப் பழைய புல்லட்டில் முன் ஸ்ப்ராக்கெட்டைத் தொட வேண்டுமென்றால் லேசில் நடக்காது. இடது பக்கம் முழுக்கக் கழற்ற வேண்டும். கால் மிதி, பிரேக் கட்டை, பெரிய மூடி, அதற்குள்ளே கிளட்ச் தட்டுகள், அதற்கும் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது அந்தச் சனியன். ஆயில் வடிக்க நிர்மலாவின் குழம்புச் சட்டி ஒன்று வீர மரணம் அடைந்தது.

சம்பந்திகள் இருவரும் வேலை செய்த அழகைப் பார்க்க வேண்டுமே! "நீங்க புடிங்க சம்பந்தி." "இல்லீங்க, நீங்க புடிங்க, நான் முறுக்கறேன்." "உங்க கை அழுக்காகுதே." "ஆகட்டுமுங்க, நம்ம வண்டிதானே." ஒரு நட்டைக் கழற்ற நான்கு மரியாதை வார்த்தை செலவானது. இப்படியாகப் பதினெட்டுப் பல் உள்ளே போய் உட்கார்ந்தது.

"தங்கச்சி அப்பறமா ஏறட்டும்" என்றார் மாயவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. "மொதல்ல நான் பின்னால உக்காந்து பாக்கறன். பாரம் தாங்குதான்னு தெரிஞ்சுக்கணுமில்ல?"

அவர் உட்கார்ந்ததும் பின் ஸ்பிரிங் இரண்டும் முனகின. புல்லட் கிளம்பிப் போயிற்று. நிர்மலா மொட்டை மாடிக்கு ஓடினாள். அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கரை மேடு நன்றாகத் தெரியும். நெடுஞ்சாலைக்குப் போக அதில் ஏறித்தான் ஆக வேண்டும். பஞ்சாயத்தில் எவரோ ஒரு புண்ணியவான், ஏற்றத்தின் நடுவிலே ஒரு வேகத்தடையும் போட்டு வைத்திருந்தார்.

சமதரையில் வண்டி ஜம்மென்று போயிற்று. மேட்டில் ஏறியது. வேகத்தடைக்கு முன்னால் நிதானித்தது. பிறகு மாதவராஜ் கிளப்பினார். டக்... டக்... டக்... நின்றுவிட்டது. உதைத்தார். மறுபடி கிளப்பினார். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை வண்டி முன்னால் போவதற்குப் பதில் பின்னால் வர ஆரம்பித்தது.

இறங்குங்கள் என்று சம்பந்தியிடம் சொல்ல மாதவராஜுக்கு வாய் வராது. இறங்கட்டுமா என்று கேட்டால் சம்பந்தி வண்டியைக் குறை சொன்னதாகிவிடும் என்று மாயவனும் இறங்கமாட்டார். ஒருவர் காலை ஊன்றிக்கொண்டு, இன்னொருவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் நடு மேட்டில் வெயிலில் அப்படியே இருந்தார்கள். மாடியில் நின்ற நிர்மலாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கடைசியில் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள்.

"கார்புரேட்டர்ல குப்பை இருக்குதுங்க" என்றார் மாதவராஜ், வேர்த்து விறுவிறுத்து.

"ஆமாங்க, குப்பையாத்தான் இருக்கும்" என்றார் மாயவன்.

"குப்பை மட்டுமில்லீங்க. வண்டிக்கு வயசாயிடுச்சு. தெம்பு இல்ல. நீங்க இவ்வளவு ஆசையா வாங்கியாந்தும் அதுக்குக் குடுப்பினை இல்ல. சாயங்காலம் அவரு வரட்டும், குடுத்தனுப்பிடலாம்."

நிர்மலா மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள். பழியை வண்டிமேல் போட்டாலும் போடுவார், வண்டியையே இழந்தாலும் இழப்பார், சம்பந்தி கொடுத்தது சரியில்லை என்று மட்டும் சொல்லமாட்டார். அவளுக்கு வந்த கோபத்தில் மிச்சப் படிகளைத் தடதடவென்று இறங்கினாள்.

"அண்ணா, தப்பா நெனைச்சுக்காதீங்க. கார்புரேட்டர்லயும் ஒண்ணுமில்ல, வண்டிக்கும் ஒண்ணுமில்ல. நீங்க கொண்டாந்ததுல ஒரு பல்லு ஜாஸ்தி."

"நிர்மலா!" மாதவராஜின் முகம் வெளுத்துவிட்டது.

"இருங்க, நான் பேசறேன். இவரு பதினேழு வாங்கி வெச்சிருந்தாருங்க அண்ணா. நீங்க தட்டோட வந்ததும் காலால மூடிட்டாரு. பாருங்க." பேப்பரை விலக்கிக் காட்டினாள். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. மகளின் மாமனார். ஓசூரில் அவர் மகனோடுதான் மலர் வாழ வேண்டும்.

மாயவன் அந்தப் பதினேழைக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகப் போய், மினி லாரியிலிருந்து ஒரு காலித் தக்காளிக் கிரேட்டை இழுத்துக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியும் தங்கச்சி" என்றார்.

"என்னாங்க?"

"கடைக்காரன் ரெண்டையும் எடுத்து வெச்சான். ரெண்டு பேரு போற வண்டின்னா பதினேழு போதும்னுதான் சொன்னான். ஆனா பாரு, பக்கத்துல வெச்சுப் பாத்தா அது சின்னதா இருந்துச்சு. சம்பந்திக்குச் சீரு கொண்டுபோறவன் சின்னதப் பொறுக்கி எடுத்துட்டுப் போனான்னு பேச்சு வந்துட்டா? எம் பொண்டாட்டியே ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. அதான் பெருசா எடுத்தன். தள்ளிட்டு வந்தப்பவே சொல்லிடலாம்னு வாயெடுத்தன். அதுக்குள்ள சம்பந்தி கார்புரேட்டர்னுட்டாரு. அவரு சொல்லி நான் இல்லேங்கறதா?"

முதலில் சிரித்தது மாதவராஜ்தான். சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் தண்ணீர் வரும் வரை நிறுத்தவில்லை. மாயவனின் சிரிப்பில் தெரு நாய்கள் குரைத்தன. நிர்மலாவுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சாப்பிட்டுவிட்டு மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினார்கள். இந்த முறை "புடிங்க", "விடுங்க" என்பதோடு பேச்சு நின்றுவிட்டதால் வேலை பாதி நேரத்தில் முடிந்தது. பதினேழு ஏறியது. பதினெட்டு, வெற்றிலை பாக்கோடு பூஜை அலமாரிக்குப் போயிற்று. சீரை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை அல்லவா?

"அதான் சரி" என்றார் மாயவன், கையைத் துடைத்துக்கொண்டே. "சரக்கு சுத்தமா இருந்தாத்தான் வெலை பேச வாய் வரும்."

மண்டிக்காரர் ஏதோ மண்டிப் பேச்சு பேசுகிறார் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

"நாங்க ஒரு சுத்து போயிட்டு வந்துடறோங்க. பெங்களூர்க்காரரு முன்னாடியே வந்துட்டா உக்கார வெச்சுப் பேசிட்டிருங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் மாதவராஜ்.

வேகத்தடைக்கு முன்னால் வண்டியை வேண்டுமென்றே முழுசாக நிறுத்தினார். நிர்மலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கிளட்ச்சை விட்டார். தட் தட் தட் என்று, அலட்டிக்கொள்ளாமல் மேடேறியது புல்லட்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் நான்காவது கியர். அறுபது, எழுபது. நிர்மலா தன் இடுப்புக்காகக் காத்திருந்தாள். இதோ வரும், இதோ வரும் என்று பார்த்தாள். வரவில்லை. இன்ஜின் அவசரப்படாமல், ஒவ்வொரு அடியாக எண்ணி வைப்பதுபோல் ஓடியது. காவேரிப்பட்டணம் போயிற்று. கை மரத்துப்போகவில்லை. வழியில் தெரிந்த மாந்தோப்புகளைக்கூட இன்றுதான் ஒழுங்காகப் பார்க்கிறாள். இதற்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த ஞாபகம்தான் உண்டு.

"எப்படியிருக்குது?" என்று கேட்டார். எழுபதில் போகும்போது அவர் பேசியது காதில் விழுந்ததே இதுதான் முதல் தடவை.

பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் ஏறியிருந்தாள். எவ்வளவு வலித்தாலும் சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிடத் தீர்மானம் செய்திருந்தாள். அந்தப் பொய்க்கு வேலையே இல்லாமல் போனதில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"விக்க வேணாங்க" என்றாள்.

அவர் கிருஷ்ணகிரிக்கு முன்னால் ஓர் இளநீர்க் கடை நிழலில் வண்டியை ஓரம் கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எனக்காகச் சொல்றியா?"

"எனக்காகத்தான் சொல்றேன். அன்னிக்கு இடுப்பு வலியில எதையோ உளறிட்டேன். நீங்களும் உடனே போனைத் தூக்கிட்டீங்க. இந்த வாரம் பூரா எனக்குச் சோறு எறங்கல. இதைக் குடுத்துட்டு நீங்க வாசல்ல சும்மா நிக்கறத என்னால பாக்க முடியாதுங்க."

மாதவராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "எனக்கும்தான் எறங்கல" என்றார் கடைசியில்.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. சம்பந்தி. ஸ்பீக்கரில் போடாமலே நாலு கடை தூரத்துக்குக் கேட்டது அந்தக் குரல்.

"சம்பந்தி! சந்தோசமான சமாச்சாரம்! பெங்களூர்க்காரரு வந்துட்டாரு. வண்டிய போட்டோவுல பாத்ததே போதும்னுட்டாரு. என்னா பேரம் பண்றாருங்கறீங்க! நான் விட்டனா? காரிமங்கலம் சந்தையில மாடு புடிக்கிற மாதிரி துண்டப் போட்டுக் கையப் புடிச்சு, நீங்க கேட்டதுக்கு மேலயே முடிச்சுட்டன். வெத்தலை பாக்கு மாத்தியாச்சு. வாக்கும் குடுத்தாச்சு. வண்டி ஏத்த வேன் வாசல்ல நிக்குது. வந்துடுங்க!"

நிர்மலாவுக்கு இப்போதுதான் உறைத்தது. வண்டியை வைத்துக்கொள்வதற்காகத்தான் இவ்வளவும் என்று சம்பந்தியிடம் யாருமே சொல்லவில்லை. நல்ல விலைக்காகச் சரி பண்ணுகிறார்கள் என்று அந்த மனுசன் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

மாதவராஜின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. "அப்படிங்களா சம்பந்தி... ரொம்ப நல்ல..."

மிச்சம் வருவதற்குள் போனைப் பிடுங்கிவிட்டாள் நிர்மலா.

"அண்ணா, நான்தான் பேசறேன். நாங்க கொஞ்சம் தூரமா வந்துட்டோங்க. வர நேரமாகும். அவருக்கு ஒரு காபி போட்டுக் குடுங்க, பால் ஃபிரிட்ஜ்ல இருக்குது" என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

"என்னா பண்ணப் போற?" மாதவராஜ் பரிதாபமாகக் கேட்டார். "சம்பந்தி வாக்குக் குடுத்துட்டாரே. திருப்பட்டுமா?"

நிர்மலா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஹெல்மெட்டை மாட்டி வாரை இறுக்கினாள். பின்னால் ஏறி, இதுவரை கம்பியைப் பிடித்தே பழகிய கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வாக்கு அவரு குடுத்தது. வண்டி நம்மளுது. திருப்பாதீங்க. வேன் காலியாவே போகட்டும். நேரா ஓசூருக்கு, மலரு வீட்டுக்கு விடுங்க."